மணிக்கட்டையைப் பிடித்தவன் பேசலாம்

பை குத்துகிறதா தம்பி? கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஒரு கட்டை இருக்கிறது. பயப்படாதீர்கள், இதை வைத்து இதுவரைக்கும் மணியைத்தான் அடித்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம். நல்லமுத்தூர் உயர்நிலைப் பள்ளியில் மணி அடிக்கிற கொம்பையா என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்லை, வெளியூராக இருப்பீர்கள்.

கல்வி ஆபீசுக்குப் போகிறேன். டவுனில் பழைய தாலுகா ஆபீஸ் பக்கத்தில், மாடியில் இருக்கிறதே, அதுதான். ஒரு மனு கொடுக்க வேண்டும். ஒரு டீச்சர் மேல். என்ன, ஏதோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், இருங்கள். பாதியில் கேட்டால் உங்களுக்குப் புரியாது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது.

அந்த டீச்சர் பெயர் ஜெஸ்லின். நாகர்கோவில் பக்கம். அரசாங்கச் சம்பளம் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொடுத்து வைத்திருக்கிற தற்காலிக டீச்சர். அதாவது, விசாரணை கிசாரணை ஒன்றும் வேண்டாம். மனு ஒன்று மேலே போனால் போதும், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். நான் எங்கே எழுதினேன், எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுநடுவே 'கொஞ்சம் நிறுத்துங்க பெரியவரே, கை வலிக்கு' என்றார்.

அப்படி என்ன செய்துவிட்டாள் என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ஏனென்றால், பள்ளிக்கூடம் என்றால் என்ன? வாத்தியார் வெளியே போனதும் லீடர் எழுந்து வந்து, பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதுவான். இன்னும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வாத்தியார் வந்து குறியை எண்ணிப் பார்த்து, குறிக்கு ஒரு அடி. நானும் அப்படித்தான் படித்தேன், நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். பேசாமல் இருக்கத்தான் அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்து வாத்தியார் வைத்திருக்கிறது. இவள் வந்து பேசு பேசு என்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பு. வியாழக்கிழமைதோறும் ஆறாவது பீரியட். அதற்குக் கலந்துரையாடல் என்று பெயர். பெஞ்சை எல்லாம் வட்டமாகப் போட வேண்டும். யார் போடுவது? நான். முடிந்ததும் யார் திருப்பிப் போடுவது? நான். முதல் வாரமே என்னிடம் வந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, மணிக்கட்டையைக் கொஞ்சம் தாரீங்களா? ஒரு பீரியட் போதும்."

"எதுக்கு? அடிக்கவா? அதுக்குப் பிரம்பு ஹெச்.எம். ரூம்ல கிடக்கு."

"பேசுறதுக்கு அண்ணாச்சி."

"கட்டை எங்க பேசும்?"

"கட்டை பேசாது. கட்டையைப் பிடிச்சவங்க பேசுவாங்க. மத்தவங்க கேப்பாங்க."

கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கையிலும் பையன்கள் கையிலும் மாறி மாறிப் போகிறது. வேப்பங்கிளையில் தொங்குகிற வெண்கலத் தட்டைத் தவிர வேறு எதையும் தொடாத கட்டை தம்பி இது. தொட்டுப் பாருங்கள். கைப்பிடி எப்படி வழுவழுவென்று இருக்கிறது பாருங்கள். அது என் உள்ளங்கை.

நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. ஆனால் கட்டை உள்ளே இருக்கும்போது நான் வெளியே எங்கே போக முடியும்? தொலைந்து போனால் யார் பதில் சொல்வது? அதனால் வராண்டாவில் ஜன்னலோரம் நிற்பேன். ஜூன் மாதத்திலிருந்து ஜனவரி வரைக்கும். ஒரு வாரம் காய்ச்சல், அன்றைக்கும் வந்து நின்றேன். எல்லாம் கட்டைக்காகத்தான்.

சட்டம் மூன்று. கட்டை வைத்திருப்பவர்தான் பேசலாம். பேசுவதற்கு முன்னால், உனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று நீ திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு 'சரியா?' என்று கேட்க வேண்டும். அவர் 'சரி' என்றால்தான் உன் பேச்சை ஆரம்பிக்கலாம். இது ஒன்று. எதைச் சொன்னாலும் 'ஏன் அப்படிச் சொல்ற?' என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் வைத்திருக்க வேண்டும். இது இரண்டு. மூன்றாவது, சொன்ன விஷயத்தைப் பற்றித்தான் பேசலாம், சொன்ன ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. மூன்றாவது சட்டத்தை எங்கள் ஊரில் போட்டால் ஊரே ஊமையாகிவிடும்.

இதுபோக ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒரு தடவை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். லொடலொடவென்று பேசுகிற பயல்கள் ஐந்து நிமிடத்தில் காலியாகி, கடைசி வரைக்கும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்வேன்.

என்னென்ன பேசினார்கள் என்கிறீர்கள்? சத்துணவு முட்டையை அவித்து முழுசாகத் தருவதா, குழம்பில் உடைத்துப் போடுவதா. இது மட்டும் மூன்று வாரம். எனக்கும் அதில் ஒரு கருத்து இருந்தது. யாரும் கேட்கவில்லை. முழு முட்டைதான் சரி, குழம்பில் போட்டால் யாருக்கு எவ்வளவு போனது என்று கணக்கே இருக்காது. இதை ஒருவரும் சொல்லவில்லை தம்பி. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு துடித்துப்போனேன்.

ஒரு நாள் ஒரு பையனுடைய அப்பா வந்துவிட்டார். மில் வேலைக்காரர், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். "டீச்சர், எம் மவனை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சோத்துல உப்பு இல்லன்னு அவங்கம்மாவை ரெண்டு வார்த்தை சொன்னேன். நடுவுல வந்து, அப்பா, நீங்க சொல்ல வந்தது உப்பு இல்லைங்கிறது மட்டும்தான, அம்மாவோட அண்ணன் தம்பியெல்லாம் ஏன் இதுல வாராங்கன்னு கேக்கான்" என்றார். ஜெஸ்லின் டீச்சர் என்ன சொன்னாள் தெரியுமா? "உப்பு இருந்துச்சா இல்லையாண்ணே?" என்று கேட்டாள். அவர், கம்மியாத்தான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட வந்த மனிதரை இப்படியா அனுப்புவது? எனக்கு மனசே ஆறவில்லை.

கை தூக்குகிறீர்கள். பார்த்தேன். இறக்கிவிடுங்கள், வலிக்கும். இன்னும் கொஞ்சம்தான்.

இதற்கு நடுவில் சங்கரபாண்டி கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் மணியைப் பிந்தி அடிப்பது ஏன் என்று உங்களுக்கு விளங்காது.

சங்கரபாண்டி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன் மேலே படித்து பஸ் கண்டக்டர் ஆனான். நான் மணி அடிக்க வந்தேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. சாயங்காலம் டவுனிலிருந்து சீலைக்காட்டுக்குப் போகிற பஸ் அவனுடையது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நாலேகாலுக்கு வந்து நிற்கும். காலையில் அதே பஸ்தான் டவுனுக்குப் போகும். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகளுக்குக் கல்யாணம், டவுனில். நான் தாய்மாமன். மாலையும் பட்டும் சீர்த்தட்டும் என் கையில் இருக்கிறது. பஸ் கிளம்புகிறது. நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். "ஒரு நிமிசம் நில்லுலே சங்கரபாண்டி" என்று கத்துகிறேன். படியில் நின்றுகொண்டு என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். பார்த்துவிட்டு ரெண்டு விசில் கொடுத்தான். ஒரு விசில் நிற்க, ரெண்டு விசில் போக. உங்களுக்கே தெரியும். ஏதோ வாயை அசைத்தான், என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, வண்டிச் சத்தம்.

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினால் தாலி கட்டியாகிவிட்டது. என் மாலைக்குப் பதிலாக என் சித்தப்பா மகன் மாலை போட்டிருக்கிறான். என் தங்கை 'விடுண்ணே' என்றாள். எப்படி விடுவது?

அதற்கப்புறம் அவன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று 'கொம்பையா, நான் சொல்றதைக் கேளு' என்பான். நான் கதவைச் சாத்திவிட்டேன். மூன்று தடவையும். இன்றைக்கு வரைக்கும் அவன் பஸ்ஸில் நான் ஏறியது கிடையாது. இந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன் என்றால் இது அவன் பஸ் இல்லை என்று கண்டக்டர் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் ஏறினேன்.

ஆனால் நான் சண்டைக்காரன் இல்லை. கையை நீட்டவில்லை, டெப்போவில் புகார் கொடுக்கவில்லை. ஹெச்.எம். ரூம் கடிகாரத்தை ஆறு நிமிடம் பின்னால் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

புரிகிறதா? பள்ளி விடுகிற நேரம் நாலு பத்து. என் மணி அடிப்பது நாலு பதினாறு. நாலேகாலுக்கு வருகிற பஸ்ஸில் சீலைக்காட்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் ஏற வேண்டும். பிள்ளைகள் கேட்டுக்கு வரும்போது பஸ்ஸின் பின்புறம்தான் தெரியும். நிற்காமல் போனாய் அல்லவா, இனி காலி வண்டியாகப் போ. பதினோரு வருடம் தம்பி. ஒரு நாள் தவறவில்லை. என் கையில் இருக்கிற வாட்ச் சரியான நேரம் காட்டும், அதைப் பார்த்துத்தான் ஆறு நிமிடம் பிந்தி அடிப்பேன். அவ்வளவு சுத்தம்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்றால், யார் சொல்வார்கள்? காலையிலும் அதே கடிகாரம்தானே. ஆறு நிமிடம் பிந்தி வருகிற வாத்தியார் எல்லாரும் அந்தக் கடிகாரத்தின்படி நேரத்துக்கு வந்தவர்கள். என் கடிகாரத்தைப் போல ஆசிரியர்களுக்குப் பிடித்த ஒரு சாமான் அந்தப் பள்ளியில் கிடையாது. பிள்ளைகள் நடப்பார்கள். நாலு கிலோமீட்டர். காலுக்கு நல்லது.

போன வியாழன். தலைப்பு, 'நம்ம பள்ளியில் எதை மாற்றலாம்.' கக்கூஸ் என்றார்கள், தண்ணீர்த் தொட்டி என்றார்கள். வழக்கமான பேச்சு. பவதாரணி என்று ஒரு பிள்ளை. சீலைக்காடு. ஜூன் மாதத்திலிருந்து ஒரு கொட்டை கூடப் போடாத பிள்ளை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப் பார்த்துக்கொண்டே நேரத்தைப் போக்குவாள். அன்றைக்குக் கட்டை வேண்டும் என்று கையை நீட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்தேன்.

"மணியை மாத்தணும்" என்றாள்.

"ஏன் அப்படிச் சொல்ற?" என்று ஒருத்தன் கேட்டான்.

அவள் ஒரு நோட்டை எடுத்தாள். அவள் அம்மாவின் வாட்ச்சை மூன்று வாரம் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து பார்த்திருக்கிறாள். தேதி, மணி அடித்த நேரம், பஸ் போன நேரம். பதினைந்து நாள். பதினைந்து நாளும் நாலு பதினாறு. ஒரு நாளாவது ஒரு நிமிடம் முன்னே பின்னே இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். சுத்தமாக வேலை செய்தது தப்பாகப் போய்விட்டது.

வகுப்பே ஜன்னலைப் பார்க்கிறது. ஜெஸ்லின் டீச்சர் எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க வேலையைப் பத்தின பேச்சு. நீங்க இல்லாம நாங்க பேசுறது நியாயமில்ல. உள்ள வாங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"கட்டை எங்ககிட்டல்லா இருக்கு" என்றாள் ஒரு சிறுக்கி. எல்லாரும் சிரித்தார்கள்.

போய் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சை எல்லாம் முப்பத்தொரு வருடமாகத் தூக்கியிருக்கிறேன், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்கும் மூன்று புளியங்கொட்டை கொடுத்தார்கள். கட்டை என் கைக்கு வந்தது.

"கடிகாரத்தைப் பத்திப் பேச நீ யாருட்டி?" என்றேன்.

"தாத்தா, ஆளைப் பத்திப் பேசக் கூடாது" என்றது மொத்த வகுப்பும். ஒரு கொட்டை போய்விட்டது.

"இது உங்களுக்காகச் செஞ்சதில்ல. அந்தச் சங்கரபாண்டிக்காகச் செஞ்சது" என்றேன். அவள் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், நான் எங்கே கேட்டேன். கல்யாணக் கதை முழுக்கச் சொன்னேன். கூடை, மாலை, ரெண்டு விசில், என் சித்தப்பா மகன் எல்லாம். அதோடு இரண்டாவது கொட்டை போனது.

கட்டை பவதாரணியிடம் போனது. அவள் சொன்னாள்: "தாத்தா சொன்னது என்னன்னா, பதினோரு வருசத்துக்கு முன்னாடி கண்டக்டர் ஒரு நிமிசம் நிக்காமப் போயிட்டாரு. அதனால தாத்தா கொண்டு போன மாலையைத் தாத்தா போட முடியல. வேற ஒருத்தர் போட்டுட்டாரு. கூட்டாளியே இப்படிப் பண்ணிட்டானேன்னு தாத்தாவுக்கு இன்னும் ஆறல. அவருக்கு நட்டம் வரணும்னு நாங்க பஸ் ஏறாம மணியைத் தள்ளி அடிக்காங்க. சரியா தாத்தா?"

தம்பி, இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரி மாலை என்று சொல்லும்போதே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். டீக்கடையில் ஆரம்பித்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னது அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது.

"நாங்க எல்லாம் பாஸ், தாத்தா. டிக்கெட் எடுக்கிறதில்ல. நாங்க ஏறலன்னா கண்டக்டருக்கு என்ன நட்டம்?"

விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாற்பது பிள்ளைகள் படியில் தொங்காமல், பையால் யார் முதுகையும் இடிக்காமல், கூச்சல் இல்லாமல், பதினோரு வருடமாக அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு சீலைக்காட்டுக்குப் போயிருக்கிறான். நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

"நட்டம் இல்லன்னு யாரு சொன்னா?" என்றேன். மூன்றாவது கொட்டையும் போய்விட்டது. அவ்வளவுதான், இனி நான் பேசக் கூடாது. நல்லதாகப் போயிற்று என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தன்னிடம் மிச்சமிருந்த ஒரு கொட்டையை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு தாத்தா. வச்சுக்கோங்க. பேசுங்க."

பிச்சை போடுகிற மாதிரி. இதையும் நான் மனுவில் எழுதச் சொன்னேன். எழுதுகிறவர், இதை எப்படிய்யா எழுதுறது என்று விட்டுவிட்டார்.

"முதல்ல பவதாரணி சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க அண்ணாச்சி. அப்புறமா உங்க பதில்" என்றாள் டீச்சர்.

"மணி சரியில்லங்கிறா" என்றேன்.

"அது மட்டும் இல்ல தாத்தா" என்றாள் பவதாரணி.

"பஸ்ஸு சீக்கிரம் வருதுங்கிறா."

"பஸ்ஸு நேரத்துக்குத்தான் வருது தாத்தா. நான் இன்னொரு தடவை சொல்லட்டா?"

சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். கேட்டேன். கேட்டுவிட்டு நான் திருப்பிச் சொன்னேன். "நான் ஆறு நிமிசம் பிந்தி அடிக்கிறதால உங்களுக்குப் பஸ்ஸு போயிருது. பஸ்ஸு போயிட்டா நடக்கணும். நடந்தா சாராயக் கடையைத் தாண்டித்தான் போகணும். அங்க நிக்கிறவனுங்க கண்டபடி பேசுறானுங்க. ஆறாம் வகுப்புல சீலைக்காட்டுல இருந்து ஆறு பொம்பளைப் பிள்ளைக சேந்துச்சு. இப்ப நீயும் இன்னொருத்தியும்தான் வாரீங்க. நாலு பிள்ளையை வீட்டுல நிப்பாட்டிட்டாங்க."

"சரி" என்றாள்.

இப்போது நான் பதில் சொல்ல வேண்டும். கட்டை என் கையில்தான் இருக்கிறது. முப்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் என் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருந்தது என் ஆயுளில் கிடையாது. ஒரு வார்த்தை வரவில்லை தம்பி. இதுதான் அந்த டீச்சர் செய்கிற வேலை. பார்த்தீர்களா? எல்லாவற்றையும் நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, அப்புறம் பேசு என்பாள்.

எழுந்து வெளியே வந்தேன். நேராக வேப்பமரத்தடிக்குப் போனேன். கட்டை கையில் இருந்தால் வேறு எங்கே போவேன்? நீளமாக அடித்தேன். கடைசி மணி. எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியவில்லை. மணி அப்போது மூன்று.

முந்நூறு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். வாத்தியார்கள் அதற்கு முன்னாலேயே ஓடிவிட்டார்கள். ஹெச்.எம். மேஜையில் தலை சாய்த்திருந்தவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். பாதி வழி போன பிறகுதான் வெயில் உச்சியிலிருந்து அதிகம் இறங்கவில்லையே என்று யோசித்திருக்கிறார். சீலைக்காட்டுப் பிள்ளைகள் மட்டும் வாசலில் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, நாலேகால் பஸ்ஸில் ஏறிப் போனார்களாம்.

மறுநாள் எனக்கு மெமோ. முப்பத்தொரு வருடத்தில் முதல் மெமோ. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஐந்து மாதம். யாரால் வந்தது? அவளால் வந்தது. அதனால்தான் மனு. இதோ பாருங்கள். அரசாங்கச் சொத்தான மணிக்கட்டையை வகுப்பறையில் தவறாகப் பயன்படுத்தினார். ஊழியருக்கு எதிராக மாணவர்களைத் தூண்டினார். இதோ, கடைசி வரி, ஊழியரைப் பேசவிடவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து பழையபடி நாலு பதினாறுக்குத்தான் அடிக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளை சொன்னதற்காக நான் மாறினால் எனக்கு என்ன மரியாதை? ஹெச்.எம்.மிடம் போய்ச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கேட்டைத் தாண்டும்போது 'வாரோம் தாத்தா' என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள். அதற்குத்தான் எனக்குக் கோபமாக வருகிறது. சண்டை போட்டால் சண்டை போடலாம். 'வாரோம்' என்றால் நான் என்ன செய்வது?

மனுவில் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, பேசவிடவில்லை என்பது. ஆபீசில் யாராவது 'ஏன் அப்படிச் சொல்றீங்க' என்று கேட்டால் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். கேட்க மாட்டார்கள். அங்கே யார் கேட்பது, சீல் அடித்து வாங்கிப் போட்டுவிடுவார்கள். இருந்தாலும் யோசனையாக இருக்கிறது.

மறுபடியும் கை தூக்குகிறீர்கள். நாலாவது தடவை. நான் பார்க்காமல் இல்லை, எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சரி. இந்தாருங்கள், கட்டையைப் பிடியுங்கள். ரெண்டு கையாலும் பிடியுங்கள், கனம். இப்போது சொல்லுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ம்.

இருங்கள், பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னதை நான் சொல்ல வேண்டும். கல்வி ஆபீஸ் இப்போது பழைய தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இல்லை. ரெண்டு வருடத்துக்கு முன்னாலேயே நாலுவழிச் சாலைக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அந்த ஸ்டாப்பைத் தாண்டி இருபது நிமிடம் ஆகிறது. நான் கல்வி ஆபீஸ் என்றதுமே நீங்கள் அதைத்தான் சொல்ல வந்தீர்கள். சரியா?

சரி.

நீங்களும் இரண்டு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். போகட்டும். திரும்பிப் போக எந்த பஸ்? மூன்றரைக்கு, சீலைக்காட்டு பஸ். அதுவும் நாலுவழிச் சாலை வழியாகத்தான் போகும். அது யார் பஸ் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் அவன் வருவான். வந்து 'எங்க?' என்று கேட்பான். கேட்பது அவன் வேலை. பதினோரு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசுகிற முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நான் ஒரு ஸ்டாப்பைச் சொல்ல வேண்டும். கல்வி ஆபீஸ் என்றால் இறங்கி மனுவைக் கொடுத்துவிடலாம், ஆபீஸ் இருக்கிற நேரம்தான். அதோடு டீச்சர் கதை முடிந்தது. பள்ளிக்கூடம் என்றால் நாலேகால் வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதில் இன்னொன்று. இன்றைக்கு நான் லீவு. கட்டையும் என்னிடம் இருக்கிறது. சத்துணவு சமைக்கிற அம்மாவிடம் ஒரு கல்லை எடுத்து அடித்துவிடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்து அடிக்கும். அதாவது நாலு பதினாறு. பஸ் நாலேகால். அப்படியானால் நான்தான் சங்கரபாண்டியிடம் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். கேட்டீர்களா கூத்தை? அதே ஒரு நிமிடம். அவன் என்ன சொல்வான்? அன்றைக்குப் படியில் நின்று என்னவோ சொன்னானே, அதைச் சொல்லு முதலில் என்று கேட்கலாம். நான் ஒன்றும் சமாதானமாகப் போகவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அவன் சொன்னது என்ன என்று தெரிந்தால்தானே நான் பதில் சொல்ல முடியும். பதினோரு வருடமாக எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லையே.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. நீங்கள் முன்னால் இறங்குங்கள். மனுவை மடித்துப் பைக்கு அடியில் போட்டுவிட்டேன். கட்டையைக் கொடுத்துவிட்டுப் போங்கள் தம்பி, அந்த பஸ்ஸில் வேண்டியிருக்கும். அடிக்கவா பேசவா என்று கேட்காதீர்கள். முதலில் அவன் கையில் கொடுக்கிறேன்.